சாபம் யாருடையது?
எமச்செட்டாவையும் பெருமாள்முருகனையும் சேர்த்து வாசித்தல்

ஆபிரிக்கா என்றவுடன் இந்நாட்டுப் பத்திரிகைகளுக்கும் சரி, அவற்றை வாசிக்கும் எமக்கும் சரி, முதலில் நினைவில் வருவது பெருகும் சனத்தொகை. பிள்ளையில்லாத ஆபிரிக்கப் பெண் எவரது கண்ணிலும் படுவதில்லை. பிறப்பு வீதம் கூடிய சமூகங்களிலேதான் பிள்ளையின்மை மிகக் கொடிய தண்டனையாகிறது. அதற்கான வைத்தியம் எட்டாத் தூரத்தில் இருப்பதும் அங்கேதான். இந்த மறைக்கப்பட்ட துயரத்தை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், நாம் வாழும் இதே நகரத்தில் வாழ்ந்து 2017ல் மறைந்த நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமச்செட்டா.

1962ல் இரு குழந்தைகளுடன் கணவனிடம் லண்டன் வந்துசேர்ந்தவர் அவர். அவரது முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவன் எரித்தான். பின்னர் ஐந்து பிள்ளைகளுடன் தனித்து நின்று, சமூகவியல் படித்து, விடிகாலைகளில் எழுதினார். 1979ல் வெளிவந்த அவரது நாவலின் பெயர் 'த ஜோய்ஸ் ஒஃப் மதர்ஹூட்'. தமிழில் 'தாய்மையின் இன்பங்கள்' எனலாம். இத்தலைப்பு அவருக்கு முன்னோடியான புளோரா நுவாப்பாவின் 'எஃபுரு' (1966) நாவலின் இறுதி வரியிலிருந்து பிறந்தது. செல்வமும் அழகும் தந்தாலும் தனக்கெனப் பிள்ளையில்லாத ஏரித் தேவதையைப் பெண்கள் ஏன் வழிபடுகிறார்கள் என்ற கேள்வியோடு நுவாப்பா முடிக்கிறார். எமச்செட்டா அந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்புகிறார்: பிள்ளைகளைப் பெற்றவளுக்குக் கிடைத்தது என்ன?

நாவலின் நாயகி நு ஏகோ முதல் கணவன் வீட்டில் கருத்தரிக்கவில்லை. வயல் வேலைக்கு ஒதுக்கப்படுகிறாள். இரண்டாம் மனைவி வந்து உடனேயே தாயாகிறாள். அவளது குழந்தைக்கு நு ஏகோ இரகசியமாகத் தன் முலையைக் கொடுக்கையில் பிடிபட்டு, அடிபட்டு, தகப்பன் வீடு திரும்புகிறாள். ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் குறிசொல்பவர் காரணம் கூறுகிறார். தகப்பன் அக்பாடியின் மூத்த மனைவி இறந்தபோது, அவளோடு புதைப்பதற்காக ஓர் அடிமைப் பெண்ணைக் கொன்றார்கள். சாக மறுத்துக் கெஞ்சிய அந்தப் பெண்தான் நு ஏகோவின் 'சி', அதாவது அவளுக்குரிய தெய்வம். அவள் பிள்ளை தர மறுக்கிறாள்.

இதை வெறும் மூடநம்பிக்கைச் சித்திரிப்பு என்று கடந்துபோகும் வாசிப்பு மேலோட்டமானது. 'ஆபிரிக்க மரபு பெண்ணை ஒடுக்குகிறது' என்ற ஒரு வாக்கியத்தோடு திருப்தியடையும் மேலைத்தேயப் பெண்ணிய வாசிப்பும் அப்படியே. காரணம் பெண்ணின் கருப்பையில் இல்லை, தகப்பனின் வீட்டில் நடந்த கொலையில் இருக்கிறது என்றல்லவா நாவல் சொல்கிறது? மகள் தரிக்காததைக் கண்ட பிறகுதான் அக்பாடி தன் வீட்டு அடிமைகளை விடுவிக்கிறான். ஆனால் குற்றம் செய்தவன் அவன். அடிவாங்கியவள் அவள்.

இங்கு பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நினைவுக்கு வருவது தற்செயலல்ல. பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லாத காளிக்கும் பொன்னாவுக்கும் ஊர் கூறும் காரணங்களில் ஒன்று, முன்னோர் மலையில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு இழைத்த கொடுமையின் சாபம். நைஜீரியாவின் இபுசாவிலும் கொங்கு நாட்டின் திருச்செங்கோட்டிலும் சாபமிடுபவள் கீழே தள்ளப்பட்ட பெண். சுமப்பவள் அந்த வீட்டுக்கு வாய்த்த இன்னொரு பெண். காளியும் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகிறான் என்பது உண்மை. ஆனால் பரிகாரம் தேடி அலையவேண்டியது பொன்னாவே.

இந்த நாவல் தொடர்பாக 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பில் கோயிலின் மானம் பேசப்பட்டது. பெண்களின் கற்புப் பேசப்பட்டது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. இவ்வளவு இரைச்சலிலும் ஒரு விடயம் பெரிதாகப் பேசப்படவில்லை. தேர்த்திருவிழாவின் பதினெட்டாம் நாள் முன்பின் அறியாத ஆணைக் கடவுளாகக் கொண்டு கருத்தரிக்கலாம் என்ற வழமையை ஒரு சமூகம் கற்பனையிலேனும் வைத்திருக்குமானால், குறை ஆணிடமும் இருக்கலாம் என அது உள்ளூர அறிந்திருக்கிறது என்பதே பொருள். அறிந்தும் வாயால் சொல்லாது. 'மலடன்' என்ற சொல் எமது அகராதியில் உண்டு. எமது சண்டைகளில் இல்லை. 'மலடி' இரண்டிலும் உண்டு.

இனி, நாவலாசிரியர்கள் சாபமாகச் சொன்னதை வரலாறு எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம். கமரூன், காபோன், கொங்கோ, மத்திய ஆபிரிக்கக் குடியரசு ஆகிய பிரதேசங்களைச் சனத்தொகை ஆய்வாளர்கள் மலட்டு வலயம் என்றே அழைத்தார்கள். அங்கு ஏராளமான பெண்கள் ஒரு பிள்ளையும் பெறாமலே வயதுபோயினர். பிரதான காரணம் வைத்தியம் பார்க்கப்படாத கொனோரியா, கிளமீடியா போன்ற தொற்றுக்கள். அவை கருக்குழாய்களை அடைத்துவிடும். இத்தொற்றுக்கள் பரவிய வழியில் இறப்பர்க் கொள்ளையும், கட்டாய உழைப்பும், ஆண்களை ஊரிலிருந்து பிரித்தெடுத்த சுரங்கங்களும் றெயில்பாதைகளும் இருந்தன. மனைவிக்கு நோயைக் கொண்டுவந்தவன் பல வேளைகளில் கணவனே. பெல்ஜிய கொங்கோவின் நிர்வாகம் பிறப்பு வீழ்ச்சி பற்றிக் கவலைகொண்டது. அதன் கணக்கில் பிறக்காத குழந்தை பிறக்காத தொழிலாளி. பெனிசிலின் வந்தபின் பல இடங்களில் நிலைமை திருந்தியது. அதாவது, இது சாபமல்ல, தடுத்திருக்கக்கூடியது.

ஆனால் சுதந்திரத்தின் பின் வந்த சர்வதேசப் பணத்தின் பெரும்பங்கு கருத்தடைக்கே போனது. கெய்ரோவில் 1994ல் நடந்த ஐ.நா. மாநாடு குழந்தைப்பேறின்மையைத் தடுத்தலும் அதற்கான சிகிச்சையும் இனப்பெருக்கச் சுகாதாரத்தின் பாகம் என ஏற்றது. ஏற்றதற்கும் செய்ததற்கும் இடையே தூரம் அதிகம்.

தூரம் லண்டனிலும் குறையவில்லை. பிரித்தானியாவின் கருவள ஒழுங்குமுறை ஆணையம் 2021ல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிகிச்சைக்கு வந்த கறுப்பினத்தவரில் 31 வீதத்தினருக்குக் கருக்குழாய்ப் பிரச்சினை இருந்தது. மொத்த நோயாளரில் இது 18 வீதம். 30 முதல் 34 வயதினரிடையே சிகிச்சையால் பிள்ளை பிறந்த வீதம் வெள்ளையருக்கு 30, கறுப்பினத்தவருக்கு 23. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கற்பிப்பது தவறு. ஆனால் உடலும் வரலாற்றைச் சுமக்கிறது என்பதை மறுக்கமுடியாது.

எமச்செட்டா மீது எனக்குள்ள விமர்சனம் இதுதான். சாபத்தின் வழியாக அவர் வரலாற்றின் வாசல்வரை வருகிறார், உள்ளே போகவில்லை. குடியேற்றகால லாகோசில் நு ஏகோவின் இரண்டாம் கணவன் வெள்ளையரின் உடுப்புத் துவைப்பவனாகச் சிறுத்துப்போவதை அவ்வளவு நுட்பமாக எழுதியவர், அதே காலம் பெண்ணின் கருக்குழாய்வரை நுழைந்ததை எழுதவில்லை. நு ஏகோ அடுத்த திருமணத்தில் தாயாகிவிடுகிறாள். பிள்ளையில்லாமலே வாழ்ந்து முடித்த பெண்ணின் கதையை அங்கேயே நாவல் கைவிடுகிறது.

ஆயினும் அதன் முடிவு எம்மைத் தப்பவிடாது. பிள்ளைகளைப் பெற்று, மூத்தவனை அமெரிக்காவுக்கும் அடுத்தவனைக் கனடாவுக்கும் அனுப்பிய தாய், தெருவோரத்தில் தனியே இறந்துகிடக்கிறாள். பிள்ளைகள் வந்து ஆடம்பரமாகச் செத்தவீடு செய்கிறார்கள். அவள் பெயரில் கோயிலும் எழுகிறது. பிள்ளை கேட்டு வருபவர்களுக்கு அவள் வரம் கொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் தாயைத் தனியே விட்டு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து காசனுப்பி அந்தியேட்டியைச் சிறப்பாக நடத்தும் எமக்கு இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை.

'இன்னும் ஒண்டும் இல்லையோ?' என்று கலியாண வீட்டில் கேட்பவர்கள், அடுத்த சாமத்திய வீட்டில் அவளை ஆராத்தி எடுக்க அழைப்பதில்லை. போரில் இவ்வளவு சனத்தை இழந்தோம், இனம் பெருகவேண்டும் என்று மேடையில் பேசுபவர்களும் எம்மிடையே உள்ளனர். அந்த மண்டபத்தின் பின்வரிசையில், மாதக்கணக்காக ஊசி போட்டும் தரிக்காத ஒரு பெண் இருக்கக்கூடும். தேசத்தின் இழப்பையும் அவள் கருப்பையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அடிமைப் பெண்ணைக் கொன்ற அக்பாடியின் வீட்டிலும் அதுதானே நடந்தது?