ஒரு படம், பல குரல்: தொடக்கப்பள்ளிப் பல்லூடகப் பாடங்களில் மொழிபெயர்ப்புத் தமிழ்

தொடக்கப்பள்ளி வகுப்பறைக்குள் கணிப்பொறித் திரை நுழைந்தது பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி கருவிகளைப் பற்றியது. எத்தனை பள்ளிகளுக்குத் திரை வழங்கப்பட்டது, மின்வசதி உண்டா, இணைய இணைப்பு உண்டா, ஆசிரியர் பயிற்சி பெற்றனரா என்பன போன்ற கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றன. இவை தேவையான கேள்விகளே. ஆயினும் அத்திரையிலிருந்து ஒலிக்கும் மொழி எத்தகையது என்னும் கேள்வியை எழுப்பவேண்டியவர்கள் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளருமே. அவர்களும் அதனை அரிதாகவே எழுப்பியுள்ளனர். தொடக்கநிலைக்கென அனைத்திந்திய அளவில் ஆக்கப்படும் பாடங்களுள் கணிசமானவை முதலில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ உருவாகி, பின்னர் டப்பிங் எனப்படும் குரல்மாற்றத்தின் வழியாகப் பிற மொழிகளை அடைகின்றன. படம் ஒன்று, குரல் பல. இம்முறை தமிழ்ப் பாடத்தை என்ன செய்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. முறையின் பழமை

இம்முறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 ஊர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் காலை நேரத்தில் மொழிக்கு 22.5 நிமிடம் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு காட்சித் தடத்தோடு இரண்டு ஒலித் தடங்களை அனுப்பும் வசதி அக்கோளில் இருந்தது. ஒரே காட்சிக்கு இரு மொழிக் குரல் என்னும் சிந்தனைக்கு அன்றே தொழில்நுட்ப வடிவம் கிடைத்துவிட்டது எனலாம்.

அன்று அது சிக்கனத்துக்காகக் கொள்ளப்பட்ட வழி. காட்சியைத் திருத்துவது செலவுமிக்கதாக இருந்தமையால் குரலைக் காட்சிக்கு ஏற்ப வளைத்தனர். 2017இல் தொடங்கப்பட்ட திக்ஷா தளமும், பாடநூலில் அச்சிடப்பட்ட க்யூ.ஆர். குறியீட்டின் வழியே திறக்கும் காணொளிகளும், 2020இல் அறிவிக்கப்பட்ட வகுப்புக்கு ஓர் அலைவரிசைத் திட்டமும் வந்தபின் அச்செலவு பெரிதும் குறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை. அலைவரிசைகளை 12இலிருந்து 200 ஆக உயர்த்தி மாநில மொழிகளில் பாடம் வழங்குவதாக 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கூறப்பட்டது. அத்தனை அலைவரிசைகளையும் நிரப்பவேண்டுமெனில் குரல்மாற்றமே எளிய வழியாகத் தோன்றும். ஆகவே அதன் இயல்பை இப்போது ஆராய்வது காலத்துக்கேற்றது.

2. காட்சி வரிசையும் சொல் வரிசையும்

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'பனைமரத்தில் கூடு கட்டும் பறவை இது' என்பது தூக்கணாங்குருவியைப் பற்றிய பாடத்தில் வரக்கூடிய எளிய வாக்கியம். ஆங்கில மூலத்தில் பறவை முதலிலும் கூடு அடுத்தும் மரம் இறுதியிலும் வரும். படம் அவ்வரிசையிலேயே அமையும்: முதலில் பறவை திரையில் தோன்றும், அடுத்துக் கூட்டை ஓர் அம்புக்குறி காட்டும், பின்னர்க் காட்சி விரிந்து மரம் தெரியும். தமிழ்க் குரலோ மரம், கூடு, பறவை என நேர்எதிராகச் செல்லும். 'பனைமரத்தில்' என்னும் சொல் ஒலிக்கும்போது குழந்தை காண்பது பறவை. 'பறவை' என ஒலிக்கும்போது காண்பது மரம். சொல்லையும் பொருளையும் இணைப்பதற்காக ஆக்கப்பட்ட கருவி இங்கு இரண்டையும் பிரித்துவிடுகிறது.

இதே வாக்கியம் இந்திக்குச் செல்லும்போது இவ்விடர் எழுவதில்லை என்பது கருதத்தக்கது. 'ஜோ' என்னும் சுட்டிணைச் சொல்லைக் கொண்டு பறவையை முதலில் கூறி, அதன் செயலைப் பின்னர்ச் சேர்க்க இந்தி இடமளிக்கிறது. இந்திக் குரலோடு சரியாகப் பொருந்திய படம் தமிழ்க் குரலோடும் பொருந்தும் எனத் தயாரிப்பாளர் நம்புவதற்கு இதுவே காரணமாகலாம். தமிழில் 'எந்தப் பறவை பனைமரத்தில் கூடு கட்டுகிறதோ அந்தப் பறவை இது' எனக் கூறுவதற்கு இலக்கணத் தடை இல்லை. ஆனால் அது உரையாசிரியர் வாக்கியமாக அமையுமேயன்றி, ஏழு வயதுக் குழந்தையிடம் பேசும் வாக்கியமாகாது. காரணக் கிளவியிலும் இதே நிலைதான். 'வேர் நீரை உறிஞ்சுவதால் செடி வளர்கிறது' என்னும்போது காரணம் முன்னும் விளைவு பின்னும் வருகின்றன. ஆங்கிலப் படம் வளரும் செடியில் தொடங்கி வேருக்கு இறங்கும்.

திறமையான மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை உடைத்துவிடுவார்: 'இது ஒரு பறவை. இது கூடு கட்டும். பனைமரத்தில் கட்டும்.' தொடக்கநிலைக்கு இது மூலத்தைவிட நல்ல நடை என்றே கூறவேண்டும். ஆனால் உடைக்கும்போது நேரம் கூடுகிறது. காலமோ மூலத்தால் அளந்து தரப்பட்டது. வேர்கள் நீரை உறிஞ்சுகின்றன என்னும் கருத்தைச் சொல்லும் இயல்பான ஆங்கில வாக்கியம் ஐந்து ஒலியசைகளில் முடியும். தமிழ் வாக்கியத்துக்குப் பத்து வேண்டும். பேச்சு வடிவில் 'வேரு தண்ணிய உறிஞ்சுது' என்றாலும் ஒன்பது ஆகிறது. ஆகவே குரல் கொடுப்பவர் விரைந்து பேசுகிறார், அல்லது ஒரு சொல் வெட்டப்படுகிறது. வெட்டுவதற்கு எளிதாகக் கிடைப்பவை 'பிறகு', 'அதனால்', 'ஆனால்' போன்ற இணைப்புச் சொற்கள். குழந்தை பாடத்தின் காரணகாரியத் தொடர்பைப் பற்றிக்கொள்வது அச்சொற்களால்தான். கணிப்பொறியே குரல்மாற்றம் செய்யும் கருவிகள் பரவிவரும் இந்நாளில், காலத்துக்குப் பொருந்தக் குரலை முடுக்கும் பணியையும் பொறியே செய்துவிடுகிறது. வெட்டலாமா எனத் தயங்குவதற்கு அங்கு மனிதர் இல்லை.

3. திரையில் தோன்றும் எழுத்து

குரலும் படமும் மட்டுமே உள்ள பாடத்தினும் எழுத்தும் சேர்ந்த பாடம் சிக்கலானது. பல்லூடகக் கல்வி பற்றி ரிச்சர்டு மேயர் 2001இல் வெளியிட்ட நூலும் அதனையொட்டிய ஆய்வுகளும் பாடம் வடிவமைப்போரால் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. படத்தோடு குரல் வரும்போது அதே சொற்களைத் திரையிலும் எழுதிக் காட்டுவது மிகை என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. இந்நெறி, மின்னல் எவ்வாறு உண்டாகிறது, காற்றடிக்கும் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பன போன்ற விளக்கங்களைக் கல்லூரி மாணவர்க்குக் கற்பித்த சோதனைகளிலிருந்து பெறப்பட்டது. அம்மாணவர்க்கு எழுத்து வெறும் வாயில்; முதல் வகுப்புக் குழந்தைக்கோ எழுத்தே பாடம். இவ்வேறுபாட்டை நோக்காது நெறியை அப்படியே தொடக்கநிலைக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

இதற்கு எதிர்ச்சான்று இந்தியாவிலேயே உண்டு. ஒலிக்கும் மொழியிலேயே வரிகளைத் திரையின் அடியில் எழுதி, பாடப்படும் சொல்லுக்கு நிறமூட்டும் முறையை அகமதாபாது இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இலிருந்து வளர்த்தெடுத்தார். குஜராத்தியில் தொடங்கி, 2002இல் தூர்தர்ஷனின் சித்ரஹார் திரைப்பாடல் நிகழ்ச்சியில் அது இடம்பெற்றது. குறைந்த எழுத்தறிவுடையோர் பாடலோடு சேர்ந்து படிக்க முயல்கின்றனர் என்பதே அம்முறையின் அடிப்படை. ஆனால் அதற்கு ஓர் இன்றியமையாத கட்டுப்பாடு உண்டு: ஒலிக்கும் சொல்லும் எழுதிய சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும்.

தமிழில் இடர் எழுவது இங்குதான். கதைசொல்லி 'வச்சுக்கிட்டு இருக்கான்' எனச் சொல்ல, அடியில் 'வைத்துக்கொண்டிருக்கிறான்' என எழுதினால், இரண்டு சொல்லாக ஒலிப்பது ஒரு சொல்லாகக் காட்சியளிக்கிறது. நிறம் எங்குத் தொடங்கி எங்கு முடியவேண்டும் என்பதற்கே விடையில்லை. எழுத்துவழக்கிலேயே அனைத்தையும் பேசினால் பொருத்தம் கிட்டும். குரல் குழந்தைக்கு அந்நியமாகிவிடும். இரட்டைவழக்கு பற்றி நம்மிடையே எழுதப்பட்ட ஆய்வுகள் ஏராளம். அவற்றுள் எதுவும் பாடக் காணொளி தயாரிப்பவரின் மேசையை எட்டியதாகத் தெரியவில்லை. விளக்கத்தைப் பேச்சுவழக்கிலும் வாசிப்பை எழுத்துவழக்கிலும் தனித்தனியே அமைத்து, வாசிக்கும் பகுதிக்கு மட்டும் திரையில் எழுத்தைக் காட்டுவது என் கருத்தில் ஏற்கத்தக்க தீர்வு. வகுப்பில் நல்ல ஆசிரியர் செய்வதும் இதுவே. நூலைக் கையில் எடுத்ததும் அவர் குரல் மாறும். மாறுவதைக் குழந்தை கண்டுகொள்ளும்.

4. எழுத்தும் ஒலியும்: அச்சுவார்ப்புச் சிக்கல்

எழுத்தைத் தொட்டால் ஒலி கேட்கும் பயிற்சிகள் எல்லா மொழிகளுக்கும் ஒரே வார்ப்பில் ஆக்கப்படுவது வழக்கம். இந்தி, கன்னடம், தெலுங்கு எழுத்துகளுக்கு வார்ப்பு பெரும்பாலும் பொருந்தும். அங்கு எழுத்து ஒலியை நேராகச் சுட்டுகிறது. தமிழில் 'ககரம்' காலில் ஓர் ஒலி, தங்கத்தில் ஓர் ஒலி, பகலில் வேறோர் ஒலி. 'காகம்' என்னும் சொல்லின் இரண்டாம் எழுத்தைத் தொட்டவுடன் சொல்முதல் ககர ஒலியைத் தரும் பயிற்சி, குழந்தை நாள்தோறும் கேட்கும் சொல்லைப் பிழையாகக் கற்பிக்கிறது. இடத்துக்கேற்ற ஒலியைப் பதிவுசெய்வது தொழில்நுட்ப அளவில் சிறு வேலை. வார்ப்பில் எழுத்துக்கு ஒரே ஓர் ஒலிக்கோப்புக்குத்தான் இடம் உண்டு என்பதே தடை.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவூட்டமும் இத்தகையதே. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான இஸ்கி அமைப்பைத் தழுவியதாகையால், அகரமேறிய மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. குறியீட்டு அலகுகளை ஒவ்வொன்றாகத் திரையிடும் மென்பொருளில் 'கெ' என்பதற்கு முதலில் 'க' தோன்றும்; பின்னர்க் கொம்பு அதன் இடப்புறத்தில் திடீரென வந்து அமரும். குழந்தையின் கை கொம்பை முதலில் எழுதப் பழகியது. 'கொ' இன்னும் வேடிக்கையானது: 'க' நடுவில் நிற்க, இருபுறமும் ஒரே நேரத்தில் குறிகள் முளைக்கின்றன. உயிர்மெய்யை ஓரலகாகக் கொள்ளும் நெறி யூனிகோடு தரத்திலேயே வகுக்கப்பட்டுள்ளமையால் இது தவிர்க்கக்கூடிய குறையே.

5. கடிகாரமில்லா மொழிபெயர்ப்பு

2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை இதனோடு ஒப்பிடுவது பயனுடையது. அங்குப் படமும் பாடமும் தனித்தனியே நிற்கின்றன. திறந்த உரிமத்தின்கீழ் எவரும் மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பின் தரம் எல்லாக் கதைகளிலும் ஒன்றுபோல் இல்லை. ஆயினும் அங்குக் காணும் பிழைகள் மொழிபெயர்ப்பாளரின் பிழைகள். அவற்றை மற்றொரு மொழிபெயர்ப்பாளர் திருத்த முடியும். காணொளியில் காணும் பிழைகளோ பெரும்பாலும் கடிகாரத்தின் பிழைகள். நிலைத்த படம் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கிறது. 'கூடு' எங்கே என்று குழந்தை தன் கண்ணால் தேடிக்கொள்கிறது. அசையும் படம் மேலானது என்னும் பொதுக்கருத்து தொடக்கநிலையில் மறுஆய்வுக்குரியது.

காணொளியை விலக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. விதை முளைப்பதையும் நிலவின் தேய்வு வளர்ச்சியையும் காட்ட அதனினும் சிறந்த கருவி இல்லை. தேவைப்படுவது பணிவரிசையில் ஒரு மாற்றம். மொழிபெயர்ப்பாளர் கைக்கு இன்று வருவது பெரும்பாலும் முடிந்த காணொளியும், நொடிக்கணக்கு எழுதிய உரைப்பட்டியலும். அவற்றுக்கு மாறாக, அம்புக்குறியும் படமும் தனித்தனி அடுக்காக உள்ள மூலக்கோப்பு வரவேண்டும். தமிழ்க் குரல் முதலில் பதிவாகி, அதன் வரிசைக்கும் நீளத்துக்கும் ஏற்பக் காட்சி தொகுக்கப்படவேண்டும். ஒரு நிலைப்படத்தை மூன்று நொடி நீட்டுவதும் அம்புக்குறிகளின் வரிசையை மாற்றுவதும் இன்று ஒருவர் ஒரு கணிப்பொறியில் செய்யும் வேலை.

இவ்வகையில் சூழ்நிலையியல், கணக்குப் பாடங்களை மொழிபெயர்ப்பின் வழியே பெறலாம். எழுத்தறிவுப் பாடங்களின் நிலை வேறு. ககரத்தின் ஒலிகளையும் கொம்பின் இடத்தையும் இரட்டைவழக்கையும் வேற்றுமொழி வார்ப்பில் பொருத்த இயலாது என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். முதலிரு வகுப்புகளின் மொழிப்பாடக் காணொளிகள் தமிழிலேயே எழுதப்பட்டு, தமிழிலேயே படமாக்கப்படவேண்டும். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகளை எண்ணும்போது இதன் தேவை மேலும் புலனாகும். தெருப்பலகையும் கடைவீதியும் பிறமொழியாக உள்ள அக்குழந்தைகளுக்கு, ஆசிரியரையும் பாடநூலையும் அடுத்து எழுத்துத் தமிழ் கிடைக்கக்கூடிய இடம் இத்திரைதான்.