பாட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள்

வகுப்பில் ஒரு செய்யுளை வாய்விட்டுச் சொல்வது தனிக் கலை. ஆசிரியர்களை எடைபோட எனக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது. பதவுரை, பொழிப்புரை எல்லாம் கோனார் நோட்ஸில் கிடைத்துவிடும். பாட்டின் ஓசை மட்டும் ஒருவர் தொண்டையிலிருந்து வந்தாக வேண்டும்.

ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. வக்கீலுக்குப் படித்தவர், சென்னை மாகாணச் சட்ட மேலவையில் இருந்தவர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையர். இருந்தாலும் தென்காசிப் பக்கம் நல்லாசிரியர் என்று பேச்செடுத்தால் எனக்கு அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை. திருநெல்வேலி வீட்டில் 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டமாகவும், பிறகு குற்றாலத்தில் 1954இல் மறையும்வரையிலும் அவர் நடத்தியது ஒரு பள்ளிக்கூடம்தான். மணி அடிக்காது, பரீட்சை கிடையாது, சாப்பாடு உண்டு. ராஜாஜியும் கல்கியும் நீதிபதி மகராஜனும் பாஸ்கரத் தொண்டைமானும் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். இடைசெவலிலிருந்து கி.ராஜநாராயணனும் போனார்.

டி.கே.சி. ஒரு பாட்டோடு அவசரப்படமாட்டார். ஒருமுறை சொல்வார். திரும்பவும் சொல்வார், இன்னும் நிதானமாக. ஓர் இடத்தில் நிறுத்தி அந்தத் தொடரை மட்டும் மறுபடி சொல்வார். கேட்கிறவர் முகம் மலரும்வரை விடமாட்டார். அச்சிடும்போதும் உணர்ச்சி நிற்கும் இடம் பார்த்து அடியைப் பிரித்துப் போட்டார். படிக்கிறவன் கண்ணும் அங்கே நின்று போகட்டும் என்றுதான்.

அவரிடம் குறையும் உண்டு. தமக்கு ருசிக்காத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சிலவற்றைத் திருத்தவும் செய்தார். புலவர்கள் கொதித்தார்கள், பதிப்பு என்று பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் வகுப்பறைக்கு அந்தப் பாரபட்சம் ஒரு பலம். எல்லாப் பாட்டையும் ஒரே குரலில் புகழ்கிற ஆசிரியரிடம் மாணவன் எதையும் ருசிக்கக் கற்பதில்லை.

இதற்கு நேர்மாறான வழியிலும் பேராசான்கள் இருந்திருக்கிறார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நூல் நூலாகப் பாடம் சொன்னவர், நினைத்தபோது செய்யுள் செய்தவர். அவர் 1876இல் மறைந்தார். மாணவர் உ.வே.சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் ஒரு மாணவனை எழுதவைக்கிறார் என்றால், அவருக்கு நல்லாசிரியர் விருது எதற்கு?

எங்களுக்கு வாய்த்த தமிழய்யா இவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் குற்றாலக் குறவஞ்சி நடத்தினார் என்றால் பக்கத்து வகுப்பு அமைதியாகிவிடும். அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். பஸ்ஸில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் வரும் ஊர். மலைவளம் சொல்லும் பாட்டில் குரங்குகள் வந்ததும் அய்யா புத்தகத்தை மூடினார். "ஏல, அருவிக்கரையில குரங்குகிட்டப் பழத்தைப் பறிகொடுத்தவம்லாம் கையத் தூக்குங்கல" என்றார். வகுப்பே கை தூக்கியது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் பாட்டைச் சொன்னார். விளக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்களிடம் பழம் பிடுங்கிய குரங்குகள் இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பாட்டில் துள்ளியிருக்கின்றன என்பது தானாகவே புரிந்தது.

அதே குறவஞ்சியில் நாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டுக்கு மேஜையில் விரலால் தட்டுவார். அந்தப் பாட்டின் நடையே பந்து எழும்பி விழுகிற நடை. தாளம் ஏற ஏற நாங்களும் சேர்ந்துகொள்வோம். மூன்றாம் தடவையில் பாதி வகுப்புக்குப் பாட்டு மனப்பாடம். பின்னால் எனக்கு வாய்த்த இன்னொருவர் அதே பாட்டைச் சீர் பிரித்து வாய்பாடு எழுதச் சொல்லியே பீரியடை முடித்தார். மார்க் என்னவோ நிறையத்தான் வந்தது.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கம் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யாராவது இருந்தால், குளித்துவிட்டுத் திரும்புகிற வழியில் போய்ப் பாருங்கள். பொன்னாடை வேண்டாம். ஒரு பாட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.