பூட்டு சக்கரத்தில், திருட்டு பேட்டரியில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சி ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: செல்ஃபை அழுத்தினால் வண்டி கிளம்ப வேண்டும். போன ஆவணியில் ஒரு நாள் அழுத்தினேன், சத்தமே இல்லை. சைடு பேனல் தரையில் கிடந்தது. பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு வயர்கள் தொங்கின. முன்சக்கரத்தில் நான் போட்ட பூட்டு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

கிக்கர் இல்லாத வண்டி, அதிலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். பேட்டரி இல்லாவிட்டால் டேங்குக்குள் இருக்கும் பம்பே ஓடாது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. இரவு முழுக்க நின்று வேலை பார்த்த காலோடு பைபாஸ் வரை உருட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சக்கரத்துக்குப் பூட்டு போட்டா சக்கரம் போவாதுண்ணா. பேட்டரி போவும்."

அதற்குப் பிறகு நான்கு பொருள்களை வாங்கி, மார்கழி வரை அதே வண்டியில், அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களின் வண்டிகள் கேட்டுக்கு வெளியே, கூரையில்லாமல், ஒரு வேப்ப மரத்தடியில் நிற்கும். பக்கத்தில் லாரிகள் திரும்பும் இடம். சுற்றிலும் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் இருப்பதால் காலையில் சீட்டைத் துடைத்தால் துணி கறுக்கும். இந்தத் தூசியும் ஐப்பசி மழையும் தாங்காத பொருள் இங்கே உதவாது.

முதலில் வாங்கியது அலாரம் வைத்த டிஸ்க் பூட்டு, ஏறக்குறைய 900 ரூபாய். முன்சக்கர டிஸ்க்கின் துளையில் அதன் முள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். வண்டி அசைந்தால் முதலில் கீச்சென்று எச்சரிக்கும், மறுபடி அசைந்தால் பத்து விநாடி அலறும். வண்டியையே ஓட்டிக்கொண்டு போகிறவனை இது நிச்சயம் தடுக்கும். ஆனால் எங்கள் நிறுத்தத்தில் வண்டி போவதில்லை, வண்டியில் இருப்பதுதான் போகிறது. அதனால் மெக்கானிக் தம்பியையே திருடனாக வரச் சொன்னேன். சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டியிலிருந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள் பேட்டரியைக் கையில் எடுத்துவிட்டான். பூட்டு ஒரே ஒரு முறை கீச்சிட்டது. அதே பூட்டு, இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் பக்கத்தில் திரும்பியபோது இரண்டு தடவை அலறியது. ஒரு வாரத்துக்குப் பிறகு வாட்ச்மேன் ஐயா அந்தச் சத்தத்துக்குத் தலை நிமிர்வதையே விட்டுவிட்டார்.

பெட்டியில் 110 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். அது ஒரு மீட்டர் தூரத்துக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 64 மீட்டர் தள்ளி இருக்கும் செக்யூரிட்டி அறைக்கு வந்து சேர்வது சுமார் 74. லாரி ஓடும் சாலையோரத்தில் அது தனியாகக் காதில் விழாது. ஐப்பசி மழைக்குப் பின் சாவித்துவாரத்தில் கருந்தூசி இறுகி, சாவி திரும்ப மறுத்தது. எண்ணெய் விட்டால் தூசி இன்னும் ஒட்டும். பென்சில் கரித்தூளைத் தூவினேன், சரியாயிற்று. டிரம் பிரேக் வண்டிக்கும் எக்ஸ்எல்லுக்கும் இதை மாட்ட இடமே இல்லை. எங்கள் வரிசையில் பாதி வண்டிகள் அப்படிப்பட்டவை.

ஜிபிஎஸ் டிராக்கரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று கைபேசியில் துல்லியமாகக் காட்டியது. பேட்டரி எங்கே போனது என்று அதால் காட்ட முடியாது. நான் வாங்கியது நின்ற வண்டியிலும் 10 மில்லி ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி. 4 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் பதினாறு, பதினேழு நாளில் காலி. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஹெல்மெட்டுக்கு எண் பூட்டு வைத்த எஃகுக் கம்பிக் கயிறு, 250 ரூபாய். உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம். அது திருடு போனால் தலைக்கும் ஆபத்து, வழியில் அபராதமும் உண்டு. கயிற்றை நாடாவில் கோக்காதீர்கள், பிளேடு போதும். முழுமுக ஹெல்மெட்டின் தாடைப்பகுதி வழியாகக் கோத்து, பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் சுற்றுங்கள். இரண்டாவதாக வாங்கிய கயிற்றை வெட்டிப் பார்த்தேன். சாதாரண கட்டிங் பிளேயரில் இழை இழையாகக் கடித்து அறுக்க நேரம் பிடித்தது. போகிற போக்கில் கழற்றுகிறவனுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது.

நான்காவதுதான் என் மனம் நிறைந்த பொருள். நட்டநடுவில் சிறு முள் நிற்கும் நட்சத்திரத் தலை போல்ட்டுகள், அவற்றுக்கே உரிய சாவியோடு மொத்தம் 180 ரூபாய். சைடு பேனலிலும், பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் பட்டையிலும் மாட்டினோம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இவற்றில் வழுக்கும், சாதாரண ஆலன் கீ உள்ளேயே இறங்காது. அளவு கிடைக்காத இடத்தில் மெக்கானிக் தம்பி ஆலன் போல்ட்டின் குழிக்குள் ஒரு சைக்கிள் பால்ரஸைத் தட்டி இறக்கி, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டான். எடுக்க வேண்டுமானால் அசிட்டோன் தடவி ஊறவிட்டு, காந்தத்தால் இழுக்கலாம். மறுபடி அவனையே திருடச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் போராடி, பேனலை உடைத்தால்தான் உண்டு என்று எழுந்துவிட்டான். பேனல் உடையும் சத்தம் வேப்ப மரத்தடியில் எல்லாருக்கும் கேட்கும்.

இன்ஷூரன்ஸ் கை கொடுக்கும் என்று இருந்துவிட வேண்டாம். இருசக்கர வாகனங்களுக்கான முழுக் காப்பீட்டிலும், வண்டியோடு சேர்ந்து போனால் ஒழிய, ஆக்சஸரிகளின் திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்று வழக்கமான பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் முறை தண்டனை பெறுகிறவன் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கிடைத்த பேட்டரி என்னுடையது என்று நான் காட்ட வேண்டுமே! அதனால் புதுப் பேட்டரியின் பில்லையும் வரிசை எண்ணையும் படமெடுத்து வைத்தேன். சூடாக்கிய ஆணியால் அதன் உடம்பில் வண்டி எண்ணைக் கீறினேன். அமிலம் இருக்கும் பொருள், அதனால் மேலோட்டமாகத்தான் கீற வேண்டும்.

டிஸ்க் பூட்டை இப்போது பொன்னேரியில் வீட்டு வாசலில் இரவு நிறுத்தும்போது மட்டும் போடுகிறேன். டிராக்கரைக் கழற்றிவிட்டேன். போல்ட்டுகளைப் பார்த்த ஷிஃப்ட் நண்பர்கள் ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வண்டியோடு வருகிறார்கள். அதில் மூன்று எக்ஸ்எல். அவற்றின் பேட்டரி மூடிக்கு எந்த அளவு போல்ட் சேரும் என்று தம்பி அளந்துகொண்டிருக்கிறான்.