யாத்திரிகமும் பதிகமும்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று போற்றுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். இப்பட்டம் அன்பினால் எழுந்தது. ஆயினும் இரட்சணிய யாத்திரிகத்தை ஊன்றிக் கற்பதற்கு அது துணைசெய்ததைவிடத் தடையாய் நின்றதே மிகுதி என்பது நமது கருத்து. கம்பரை அளவுகோலாகக் கையில் எடுத்தவுடன் விருத்த ஓசையையும் படலப் பகுப்பையும் உவமைச் சிறப்பையும் நிறுத்துப் பார்த்து, 'தமிழ்க் காப்பிய மரபுக்கு இது குறைந்ததன்று' என்று தீர்ப்பு வழங்கி அமைந்துவிடுகிறோம். நூலின் எப்பகுதி உயிரோடு இருக்கின்றது, எதனால் இருக்கின்றது என்னும் வினா எழாமலே போகின்றது.

1894-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த இக்காப்பியம் ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாக்களைக் கொண்டது. இதன் மூலம் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூல் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அம்மூலநூலின் மொழியைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். உரிமமின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் கிடந்தவர். அவருடைய நடை கடைத்தெருவில் கேட்கும் பேச்சும் ஆங்கில வேதாகமமும் கலந்து பிறந்த நடை. தட்டார வேலையும் தையல் வேலையும் செய்தோர் அதைப் பிறர் உதவியின்றிப் படித்தனர். அந்நூல் தமிழில் காப்பியமானபொழுது எளிய உரைநடை உயர்ந்த செய்யுளாயிற்று; பேச்சு வழக்கு வடசொல் செறிந்த புலவர் நடையாயிற்று. 'இரட்சணியம்' என்னும் தலைப்புச் சொல்லே இதற்குச் சான்று.

இம்மாற்றத்தை வெறும் குறையெனக் கூறுவது நியாயமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உரைநடையைப் புலவர் உலகம் இலக்கியமென மதிக்கவில்லை. காரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, இலக்கண இலக்கியங்களில் தேர்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. தம் புதிய விசுவாசத்தைத் தம்மோடொத்த கற்றோர் முன் நிறுத்த விரும்பிய அவருக்குக் காப்பியமே தகுந்த அவையாய்த் தோன்றியிருக்க வேண்டும். எனினும் அன்றைய திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பாலோர் பனையேறியும் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இந்நூல் எட்டாத உயரத்தில் இருந்தது. சாமுவேல் பவுல் உரைநடையில் பெயர்த்த 'மோட்சப் பிரயாணம்' இல்லங்களில் வாசிக்கப்பட, யாத்திரிகம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. யாருடைய மொழியில் தேவனைப் பாடுவது என்பது ஒரு சபைக்கு அணியிலக்கணத்தோடு முடியும் வினா அன்று.

இந்நிலையில்தான் காப்பியத்தின் இடையிடையே வரும் தேவாரப் பாடல்கள் நம் கவனத்தைக் கோருகின்றன. பனியனும் தம் உரைநடைக்கு நடுவே சிறு பாடல்களை வைத்தார். ஆனால் அவை பயணிகள் வழியில் பாடும் சில வரிகளே. கிருஷ்ணபிள்ளையின் பதிகங்களோ கதையை நிறுத்திவிட்டுப் பேசுகின்றன. அங்கே உருவகப் பாத்திரங்கள் மறைந்துபோகின்றன. 'நான்' என்னும் பாவியும் 'நீ' என்னும் நாதனும் மட்டும் எஞ்சுகின்றனர். சொல்லும் எளிதாகின்றது. வைணவப் பிறப்பினராகிய புலவர் இப்பாடல்களுக்குச் சைவர் போற்றும் 'தேவாரம்' என்ற பெயரைச் சூட்டியதும் நோக்கத்தக்கது. சமயப் பிரிவைக் கடந்து தமிழ்ப் பக்திப் பாடலின் வடிவத்தையே அவர் நாடினார் என்பதே நமது துணிபு.

அவ்வடிவத்தை எடுத்துக்கொள்வது அத்துணை எளிதன்று. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் இறைவனைப் பொதுவாகப் பாடுவது அரிது. ஓர் ஊரில் உறைபவனாகப் பாடுவதே பெரும்பான்மை. ஆற்றங்கரையும் சோலையும் மதிலும் பதிகத்துக்கு வெறும் அலங்காரம் அல்ல. எங்கும் நிறைந்தவன் இவ்வூரில் எனக்கு எளியவனாய் வந்து நிற்கிறான் என்பதே அங்குப் பொருள். ஆழ்வார்களுக்கும் இஃது ஒக்கும். தாமிரபரணிக் கரையின் குருகூர் நம்மாழ்வாருக்கு ஊர் மட்டுமன்று, பாடுபொருளும் ஆகும். கிறிஸ்தவப் புலவருக்கோ அவ்வாறு பாடத் தமிழ்நாட்டில் ஒரு தலம் இல்லை. சீயோனும் எருசலேமும் அவருக்கு நூலறிவால் தெரிந்த ஊர்கள். கண்ணால் கண்டவை அல்ல.

இவ்வெற்றிடத்தைக் கிருஷ்ணபிள்ளை நிரப்பிய முறையிலேயே அவருடைய பேராற்றலைக் காண்கிறோம். தலம் இருந்த இடத்தில் அவர் ஒரு நிகழ்ச்சியை வைத்தார். ஆழ்வாருக்குக் குருகூர் எதுவோ அதுவே இவருக்குச் சிலுவைப்பாடு. அண்மையின் சான்று அதுவே. கண்ணீரின் காரணமும் அதுவே. குமார பருவத்தின் இரட்சணிய சரித படலத்தில் அவர் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடுவதும் இதனால் விளங்கும். பனியனில் பயணி சிலுவையைக் கண்டதும் முதுகுச் சுமை கழன்று விழுகின்றது; ஒரு பக்கத்தில் அக்காட்சி முடிந்துவிடும். மூலத்தில் இல்லாத நீண்ட பாடுகளின் சரிதத்தை ஒரு காப்பியப் புலவர் சேர்த்ததைக் கட்டுக்கோப்பின் குறை எனச் சிலர் கருதக்கூடும். பதிகம் பாடுபவனுக்கு நிற்க ஓரிடம் வேண்டும் என்பதை நினைத்தால் அக்குறை தானே நீங்கும்.

கம்பரிடமும் துதி உண்டே என வினவலாம். உண்டு; விராதன் துதியை அறியாதார் யார்? ஆயினும் அது கதைமாந்தர் வாயில் வரும் துதி. கதையோடு இயைந்து நடப்பது. யாத்திரிகத்தின் உருவகக் கதை அத்தகைய பளுவைத் தாங்கவில்லை. குணங்களுக்குப் பெயரிட்டு நடமாடவிட்ட பாத்திரங்கள் உபதேசம் செய்ய வல்லவை. உருகிப் பாட வல்லவை அல்ல. எனவே புலவரே வெளிவந்து பாட வேண்டியதாயிற்று.

இனி, பக்திப் பாடல் என்றாலே எளிய மொழி என்பதும் முற்றும் உண்மையன்று. திருவாய்மொழி உரையின்றி விளங்குவது அரிது. அதற்குப் பெருகிய வியாக்கியானங்களே சான்று. அதை மக்களிடம் வைத்திருந்தது எளிமை மட்டும் அன்று, பாடும் முறையும் ஆகும். திருக்கோயில்களில் ஓதுவார்கள் பண்ணோடு ஓதினர்; அரையர்கள் அபிநயித்துப் பாடினர். நம் சபைகளில் யாத்திரிகத்திற்கு ஓதுவார் எவரும் தோன்றவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பாட்டாகவே பிறந்து பாட்டாகவே பரவின. கிருஷ்ணபிள்ளையின் துதிப்பாக்களிலும் சபைகளில் இன்றுவரை பாடப்படுபவை உண்டு. அவற்றைப் பாடுவோர் அனைவரும் அவர் காப்பியத்தைக் கற்றவர்கள் அல்லர்.

நம் கல்லூரிகளில் யாத்திரிகம் கற்பிக்கப்படும்பொழுது தேவாரப் பகுதிகளைக் கதைக்கு இடையூறெனத் தாண்டிச் செல்லும் வழக்கத்தை மாற்றி, அவற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பண் அறிந்தோர் துணையுடன் அவற்றைப் பாடியும் பார்க்கலாம். புலவரின் பிற்கால உள்ளமும் அத்திசையிலேயே சென்றது போலும். யாத்திரிகம் வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டாகிய 1899-இல், இரட்சணிய மனோகரம் வெளிவந்தது. அது காப்பியம் அன்று, துதிப்பாக்களின் தொகுதி.