‘மறதிநோய்’: ஒரு கலைச்சொல்லின் போதாமை

‘டிமென்ஷியா’ என்னும் மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் ‘மறதிநோய்’, ‘முதுமை மறதி’, ‘அறிவாற்றல் இழப்பு’ எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. இவற்றுள் முதலிரண்டும் எளிமையானவை. எனினும் பொருண்மை நிலையில் குறையுடையன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மறதி எல்லார்க்கும் பொதுவானது, மன்னிக்கத்தக்கது. ‘முதுமை’ என்னும் அடையோ நோயை வயதின் இயல்பாக்கிவிடுகிறது. நோயென்று உணராத குடும்பம் மருத்துவரை நாடுவதில்லை. மேலும், நினைவிழப்பு இந்நோயின் ஒரு கூறே. மூளையின் முன்மடலும் பக்கமடலும் தேயும் வகையில் நடத்தை மாற்றமோ சொல் தடுமாற்றமோ முதலில் தோன்றலாம். சொற்களை ஒவ்வொன்றாக இழந்துவரும் ஒருவருக்கு ‘மறதி’ என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும்?

இக்குறையின் விளைவைச் சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கத்தின் வழக்கொன்றோடு வைத்து நோக்கலாம். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இப்பகுதியில், வரசித்தி விநாயகர் முன்னிலையில் சத்தியம் செய்து பிணக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் மரபு பெயர்பெற்றது. சத்தியம் என்னும் பேச்சுச்செயல் இரண்டினை முற்கோளாகக் கொள்கிறது: சொல்பவர் நடந்ததை நினைவில் வைத்துள்ளார், மாற்றிச் சொன்னால் அறிந்தே சொல்கிறார். உண்டபின் ‘எனக்குச் சோறு போடவில்லை’ என்றும், தாம் வைத்த நகையை ‘மருமகள் எடுத்துவிட்டாள்’ என்றும் கூறும் நோயுற்ற மூதாட்டியிடம் இவ்விரண்டும் இல்லை. அவர் கூற்று பிழை, பொய்யன்று.

‘மறதி’ இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. மறந்தவர் நினைவூட்டினால் ஒப்புக்கொள்வார் என்பதே அச்சொல் தரும் எதிர்பார்ப்பு. ஒப்புக்கொள்ளாதபோது ஊர் மூதாட்டியைப் பொய்யர் என்கிறது. அல்லது மருமகளைத் திருடி என்கிறது. இருவருக்கும் இழைக்கப்படும் அநீதியில் சொல்லுக்கும் பங்குண்டு.

தெலுங்கின் ‘மதிமருபு’ என்னும் சொல்லும் அன்றாட மறதியையே முதலில் உணர்த்தும். 2015இல் வெளியான ‘பலே பலே மகாடிவோய்’ திரைப்படத்தில் நாயகனின் மதிமருபு நகைச்சுவைக்குரிய பொருளாயிற்று. 2018இல் அது ‘கஜினிகாந்த்’ எனத் தமிழிலும் வந்தது. நகைப்புக்குரிய சொல்லே நோய்க்கும் பெயராவது பொருத்தமன்று.

மறுமுனையில் ‘புத்தி பேதலித்தவர்’ என்னும் வழக்கு மனிதரையே இழிவுபடுத்துகிறது. மடமையைச் சுட்டும் ‘சிஹோ’ என்னும் சொல்லை ஜப்பானிய அரசு 2004இல் விலக்கி, அறிதிறன் சார்ந்த ‘நின்சிஷோ’ என்பதை ஏற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழில் ‘அறிதிறன் தேய்வு’ என்பதைப் பரிந்துரைக்கலாம். தேய்வு படிப்படியான குறைவை உணர்த்தும், பழிப்புப்பொருள் தராது. இது வீட்டுவழக்கில் உடனே இடம்பெறாது என்பது மெய்யே. ஆயினும் மருத்துவக் கையேட்டை மொழிபெயர்ப்போர் இச்சொல்லை ஆள்வதோடு, ‘நோயாளி சொல்லும் தவறான செய்தி பொய்யன்று’ என்னும் தொடரையும் சேர்த்தல் வேண்டும்.