பதிவு இருந்தால் கோயில் திரும்புமா?

பழங்கட்டடங்களை லேசர் கருவியால் அளந்து கணிப்பொறியில் சேமித்துவிட்டால் போதும்; நில நடுக்கத்தில் இடிந்தாலும் அப்படியே மீண்டும் கட்டிவிடலாம் என்று சிலர் கூறுகின்றனர். இக்கூற்று எவ்வளவு சரி?

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய இக்கோயிலின் சுற்றுமதிலைக் குலைத்தது நில நடுக்கம் அன்று, மனிதர் கை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது மதிற்கற்களைப் பெயர்த்துச் சென்றனர். அதற்கு முன் நுட்பமான பதிவு ஒன்று எடுக்கப்பட்டிருந்தால், மதிலின் உயரமும் அமைப்பும் இன்று ஐயமின்றித் தெரிந்திருக்கும். அது பெரும்பயன்தான். ஆனால் அவ்வளவுகளின்படி புதுக் கல்லில் கட்டுவது சோழர் மதில் ஆகாது; சோழர் மதிலின் உருவம் மட்டுமே ஆகும்.

லேசர் கருவி செய்வது என்ன? ஒளிக்கற்றையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. இவ்வாறு கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து கட்டடத்தின் வடிவம் உருவாகிறது. ஒளி படும் இடம் மேற்பரப்பு மட்டுமே. சுவரின் உட்புறத்தையோ, மண்ணுள் புதைந்த அடித்தளத்தையோ அது காண்பதில்லை. கட்டடம் நிற்பதும் வீழ்வதும் பெரும்பாலும் இவற்றால்தான் அன்றோ?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏற்பட்ட நில நடுக்கம் இதற்குச் சான்று. காட்மாண்டில் வீழ்ந்த காஷ்டமண்டபத்தின் அடியில் ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தனர். பழைய அடித்தளம் உறுதியாகவே இருந்தது. முன்பு நடந்த ஒரு பழுதுபார்ப்பில், மரத்தூண் ஒன்று அதற்குரிய அடிக்கல்லில் பொருந்தாமல் விடப்பட்டிருந்தது! வெளியளவை அப்படியே பின்பற்றியிருந்தால் குறையையும் சேர்த்தே கட்டியிருப்பார்கள். மண்டபம் பின்னர் மரத்தாலும் செங்கல்லாலும் மரபு முறையில் எழுப்பப்பட்டது. அதே நகரில் வீழ்ந்த தரஹரா கோபுரமோ கான்கிரீட்டில் புதிதாக எழுந்து 2021இல் திறக்கப்பட்டது. பார்வைக்கு இரண்டும் பழையவற்றை நினைவூட்டும். ஆனால் முன்னோர் கட்டிய முறை காஷ்டமண்டபத்தில்தான் தொடர்கிறது.

ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு வெனிசு சாசனத்தின் கருத்து. ஊகத்தைக் குறைக்கப் பதிவு உதவும். ஆகவே பதிவு தேவை. ஆனால் பதிவு இருக்கிறதே என்று கல்லைக் காப்பதில் அசட்டையாக இருந்தால், காப்பாற்ற வந்த கருவியே கேடாகிவிடும்.

மாணவர்களே! உங்கள் ஊர்ப் பழங்கோயிலை அளந்து, படமெடுத்து, தேதியிட்டு வையுங்கள். அங்கே ஒரு கல் பெயர்க்கப்படும்போது ஏன் என்று கேட்கவும் தயங்காதீர்கள். கீழணைக்குப் போன கற்களை எந்தக் கணிப்பொறியாலும் மீட்க முடியாது.