ஒரு பென்டிரைவின் கொடை

கோல சிலாங்கூர் புக்கிட் ரோத்தானில் நண்பர் ஒருவர் திறமூல மென்பொருள்களை ஒரு பென்டிரைவில் சேர்த்து வைத்திருக்கிறார். லிப்ரே ஆபிஸ், கிம்ப், இ-கலப்பை, சில தமிழ் எழுத்துருக்கள். கேட்டவருக்கெல்லாம் நகலெடுத்துத் தருவார். உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. திருட்டு நகல் என்ற உறுத்தல் இல்லை. இணையம் தடுமாறும் தோட்டப்புறத்தில் இது எவ்வளவு பெரிய வசதி! ஒவ்வொன்றுடனும் தமிழில் ஒரு குறிப்பு: எதற்கு, எப்படி நிறுவுவது. பதிவிறக்குவது யாராலும் முடியும். நமக்கு உதவுவது எது என்று பார்த்துப் பொறுக்கித் தருவதுதான் உழைப்பு.

அந்தப் பென்டிரைவில் எனக்கு மிகவும் பிடித்தது ஒலிப்பதிவுகளைத் திருத்த உதவும் ஒடாசிட்டி. 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பர்க்கும் தொடங்கியது. பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்திருந்தோம். பின்னணியில் மின்விசிறி இரைச்சல். பாட்டுக்கு முன் விசிறி மட்டும் கேட்கும் ஓரிரு விநாடியைத் தேர்ந்து, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து குறைக்கச் சொன்னால் போதும். பாட்டியின் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. அளவு மீறினால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைப்பதே நல்லது. நண்பரின் குறிப்பிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்.